டபிள்யூசி-யைத் தமிழ் எழுத்து எண்ண வைப்பது

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "கட்டளைக் கலித்துறை எழுதிப் பழகுகிறேன். அடிக்கு எத்தனை எழுத்து என்று சரிபார்க்க லினக்ஸில் வரி, சொல், எழுத்தை எண்ணும் டபிள்யூசி கமாண்டை ஓட்டினால் எண்ணிக்கை எக்கச்சக்கமாக வருகிறது. கல்லூரியில் படித்த சி கொஞ்சம் நினைவிருக்கிறது. அந்த நிரலையே எடுத்து எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடியுமா? எங்கே கை வைப்பது?"

தாராளமாக முடியும். மாற்றும் வரிகள் இருபது முப்பதுக்குள் அடங்கிவிடும். ஆனால் அவற்றை எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எதை எண்ணப்போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எழுதிய சிறு கருவியைத் தனக்கேற்ப மாற்றப்போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். நிரலைத் திறந்தவுடன் கை பரபரக்கும், தேவை என்னவென்பது பின்னுக்குப் போய்விடும்.

முதலில், டபிள்யூசி ஏன் அப்படி எண்ணுகிறது என்று பார்த்துவிடுவோம். இந்தக் கமாண்ட் 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்தது. அன்றைக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு பைட். எழுத்தை எண்ணுவதும் பைட்டை எண்ணுவதும் வேறு வேறு வேலையாகவே தோன்றவில்லை. 'கேரக்டர்' என்ற பொருளில் வைக்கப்பட்ட '-சி' விருப்பம் (கமாண்டோடு சேர்த்துத் தரும் குறி) இன்றுவரை பைட்டைத்தான் எண்ணுகிறது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில், எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார்கள். ஓர் எழுத்து பல பைட்டாக வரும் நிலை பரவலானதும் '-எம்' என்று இன்னொரு விருப்பம் தேவைப்பட்டது. அது பைட்டுகளைச் சேர்த்து யூனிகோட் குறியெண்களாக்கி (ஒவ்வொரு குறிக்கும் தரப்பட்ட தனி எண்), அந்தக் குறியெண்களை எண்ணும். ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியெண். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். நமக்கோ அது மூன்றே எழுத்து. ஆகவே '-சி' தந்தால் 15, '-எம்' தந்தால் 5. வரி முடிவையும் சேர்த்தால் 16, 6. நாம் தேடும் 3 எதிலும் வராது. டபிள்யூசி தன் கணக்கில் சரியாகவே இருக்கிறது, அதன் கணக்கும் நம் கணக்கும் வேறு.

உங்கள் தேவைக்கு வருவோம். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. எனவே உங்களுக்கு இரண்டு எண் வேண்டும். ஒன்று மொத்த எழுத்து, இன்னொன்று ஒற்று நீக்கிய எழுத்து. கோப்பு முழுவதற்குமான கூட்டுத்தொகையால் உங்களுக்குப் பயனில்லை, அடிக்கு அடி வேண்டும். உயிரில்லாத எழுத்து எண்ணப்படாது என்று தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லியிருக்கிறது. நாம் எழுதப்போகும் விருப்பத்துக்கு அதுவே விதி. இதைவிடச் சுருக்கமாகத் தேவையை எழுதிக் கொடுக்கும் வாடிக்கையாளர் நமக்குக் கிடைக்கமாட்டார்.

இனி, எதை 'ஓர் எழுத்து' என்பது? முதன்முதலில் இதைச் செய்யப் போகிறவர் எல்லாருக்கும் தோன்றும் வழி, குறியெண்களை எண்ணிக்கொண்டே போய் துணைக்குறி வந்தால் விட்டுவிடுவது. எனக்கும் அதுதான் தோன்றியது. தமிழின் துணைக்குறிகள் தசமக் கணக்கில் 3006-இல் (காலின் குறியெண்) தொடங்கி 3021-இல் (புள்ளி) முடிகின்றன. 3031-இல் ஔகாரத்தின் பிற்பாதி தனியே இருக்கிறது. இவற்றை விட்டால் போதும் என்று ஆரம்பித்தேன். பிறகு இடைவெளியை விட வேண்டியிருந்தது, அடுத்து காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அதற்கடுத்து எண்கள். விண்டோஸிலிருந்து வந்த கோப்பில் வரியிறுதியில் ஒட்டிக்கொண்டு வரும் ரிட்டர்ன் குறி, கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் 65279, சில விசைப்பலகைகள் நடுவில் செருகும் அகலமற்ற இணைப்பான்கள் 8204, 8205 என்று விடவேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

கேள்வியைத் திருப்பிப் போட்டபோதுதான் வழி பிறந்தது. விடவேண்டியதைத் தேடாமல், எண்ணவேண்டியதைத் தேட வேண்டும். தமிழில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உயிரிலோ, ஆய்தத்திலோ, அகரமேறிய ஒரு மெய்யிலோ தொடங்குகிறது. 'கி' என்பது க-வில் தொடங்கி ஒரு குறியை ஏற்கிறது. 'க்' என்பதும் க-வில் தொடங்கிப் புள்ளியை ஏற்கிறது. தொடக்கங்களை மட்டும் எண்ணினால் எழுத்து எண்ணிக்கை தானாக வந்துவிடும். யூனிகோடில் இந்தத் தொடக்கங்கள் எல்லாம் அடுத்தடுத்தே இருக்கின்றன. ஆய்தம் 2947, அகரம் 2949, க 2965, ஹ 3001. நடுவில் உள்ள வெற்றிடங்களில் எந்த எழுத்தும் இல்லை. ஆகவே '2947-க்குக் குறையாமலும் 3001-க்கு மிகாமலும் இருந்தால் ஒன்றைக் கூட்டு' என்ற ஒற்றை நிபந்தனை போதும். இடைவெளி, நிறுத்தக்குறி, ஆங்கிலம், மறைந்திருக்கும் குறிகள் எதுவும் கணக்குக்குள் வரவே வராது. ஒற்று நீக்கிய எண்ணுக்கு, 3021 வரும்போதெல்லாம் இன்னொரு எண்ணியில் ஒன்றைக் கூட்டி, கடைசியில் கழித்துக்கொள்ளலாம். ஒரு புள்ளிக்கு ஒரு மெய். ஆய்தத்தையும் ஒற்றாகக் கொள்வதால் 2947 வந்தாலும் அதே எண்ணியில் கூட்டுங்கள்.

இந்த வரையறையில் இன்னொரு நன்மையும் உண்டு. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக வைத்தால் மொத்தம் 6 பைட், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். '-எம்' ஒன்றை 2 என்றும் மற்றதை 3 என்றும் சொல்லும். நம் விதியில் இரண்டும் 1. துணைக்குறியைப் பற்றிக் கவலைப்படாத விதிக்கு, அது எத்தனை துண்டாக வந்தாலும் கவலையில்லை.

இணையத்தில் கிடைக்கும் பொதுவான தீர்வு ஒன்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 'அகலமில்லாத ஒட்டுக்குறிகளை விட்டுவிட்டு எண்ணுங்கள்' என்பார்கள். ஐரோப்பிய மொழிகளின் உச்சிக்குறிகளுக்கு அது சரிவரும். யூனிகோட் தமிழ்க் குறிகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை, இகரக் குறி, கால், கொம்பு, உகர ஊகாரக் குறிகள் எல்லாம் இடம் பிடிக்கும் வகை. இந்தத் தீர்வை அப்படியே எடுத்துப் போட்டால் 'கீ' ஒன்றாகவும் 'கி' இரண்டாகவும் எண்ணப்படும். விடை பாதி இடத்தில் சரியாகவும் பாதி இடத்தில் தவறாகவும் வருவதால், கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வரையறை முடிந்தது. ஆனாலும் நிரலை மாற்றத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை நின்று கேட்டுக்கொள்ளுங்கள். மொத்த எழுத்து மட்டும் போதுமானால் ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். கோப்பில் தேடித் தரும் கிரெப் கமாண்டுக்கு '-ஓ', '-பி' இரண்டையும் (பி பெரிய எழுத்து) தந்து, தேடவேண்டிய வடிவமாக [ஃ-ஹ] என்று கொடுங்கள். பொருந்தியதை ஒவ்வொன்றாகத் தனி வரியில் துப்பும். அதைக் குழாய் ('|' குறி) வழியே, வரிகளை எண்ணும் டபிள்யூசி-யின் '-எல்' விருப்பத்துக்கு அனுப்பினால் வரும் எண்தான் எழுத்து எண்ணிக்கை. மேலே சொன்ன 2947 முதல் 3001 வரை என்ற வரம்பேதான் இது, தமிழிலேயே எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். பைத்தான் பழக்கமிருந்தால் ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். எப்போதாவது ஒருமுறை பார்ப்பவருக்கு இவை போதும், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் நிலை வேறு. தினமும் எழுதுகிறீர்கள், அடிக்கு அடி இரண்டு எண் வேண்டும், சி-யைத் தூசு தட்டவும் ஆசை இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் மாற்றுவதுதான் சரி.

எந்த டபிள்யூசி-யை எடுப்பது? உங்கள் கணினியில் இருப்பது பெரும்பாலும் குனு கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கமாண்டுகளின் தொகுப்பில் உள்ளது. அருமையான நிரல்தான், ஆனால் முதல் அறுவைக்கு ஏற்றதில்லை. வேகத்துக்கான தனிப்பாதைகள், பல இயங்குதளங்களுக்கான ஏற்பாடுகள் என்று பல நூறு வரி ஓடும். கிட்டிலிருந்து (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) எடுத்துக் கம்பைல் செய்யவே தனித் தயாரிப்புகள் வேண்டும். சிறிய, எளிய நிரல்களை எழுதும் சக்லெஸ் குழுவின் எஸ்பேஸ் தொகுப்பில் உள்ள டபிள்யூசி-யை எடுங்கள் என்பது என் பரிந்துரை. ஒரே கோப்பு, நூறு வரி அளவு, ஒரே அமர்வில் முழுவதையும் வாசித்துவிடலாம். அந்தக் குழுவின் மரபே இதற்கு ஒத்தது. அவர்களுடைய டிடபிள்யூஎம், டிமெனு போன்ற கருவிகளில் அமைப்புக் கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்வதுதான் அன்றாட வழக்கம். பயன்படுத்துபவர் மூலநிரலைத் தொடுவார் என்று எதிர்பார்த்தே எழுதியிருப்பதால், வாசிப்பவருக்கு வழி தெளிவாக இருக்கும்.

எஸ்பேஸ் எனக்குப் பிடித்துப்போக இன்னொரு காரணமும் உண்டு. அது எப்போதும் உள்ளீட்டை யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. குனு டபிள்யூசி-யின் '-எம்' கணினியின் லொகேல் அமைப்பை (மொழி, எழுத்துமுறைத் தேர்வு) பார்த்து நடக்கும். டெர்மினலில் சரியாக வரும், அதே கமாண்டை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் வழியாக இரவில் ஓட்டினால் லொகேல் இல்லாமல் வெறும் பைட்டுகளை எண்ணித் தரும். பகலில் ஒரு விடை, இரவில் ஒரு விடை. காரணம் தெரியாதவருக்கு இது பேய்க்கதைபோல இருக்கும்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். எஸ்பேஸ் எம்ஐடி வகை உரிமத்தில் வருகிறது. பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காமல் வைத்திருந்தால் மாற்றலாம், பகிரலாம். குனு நிரலை எடுத்திருந்தாலும் உங்கள் கணினியில் உங்களுக்காக மாற்றிக்கொள்ள எந்தத் தடையும் கிடையாது. மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் மூலநிரலையும் சேர்த்துத் தரும் கடமை வருகிறது.

சி கம்பைலரும், கம்பைல் வேலையை நடத்தும் மேக் கருவியும் வேண்டும். டெபியன், உபுண்டு வகையறாவில் 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே தொகுப்பில் இரண்டும் வந்துவிடும். எஸ்பேஸை கிட் மூலம் இறக்கி, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் முதலில் மேக் ஓட்டுங்கள். உருவான டபிள்யூசி-யை அந்த அடைவுக்குள்ளிருந்தே இயக்கி, உங்கள் கணினியின் டபிள்யூசி தரும் வரி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மாற்றாத நிரல் ஓடுகிறது என்று உறுதியான பிறகே மாற்றத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை வரும்போது அது உங்களுடையதா, முன்பே இருந்ததா என்று தெரியாமல் தவிப்பீர்கள். அப்படியே கிட்டில் ஒரு தனிக் கிளையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசிப்பதைக் கோப்பின் அடியிலிருந்து தொடங்குங்கள். சி நிரல்களில் மெயின் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். அங்கே விருப்பங்களைப் பிரிக்கும் பகுதி ஒன்று: சி, எம், எல், டபிள்யூ ஒவ்வொன்றுக்கும் ஒரு கேஸ். அதன்பின், கோப்புப் பெயர் தரப்பட்டிருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு ஃபங்ஷனை அழைக்கும். அந்த ஃபங்ஷனுக்குள் ஒரு வைல் லூப். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறியெண்ணைப் படித்து, வரி முடிவா என்று பார்த்து, இடைவெளியா என்று பார்த்து, எண்ணிகளைக் கூட்டுகிறது. டபிள்யூசி-யின் உயிர் அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிதான். மீதியெல்லாம் கொண்டுவந்து கொடுப்பதும் எடுத்துக் காட்டுவதும். 'தமிழ்' என்ற சொல்லை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, லூப்பின் ஐந்து சுற்றிலும் எந்த எண்ணி என்ன ஆகிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இந்த அரைமணி நேரம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாற்றத்தை மூன்று தவணையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் கம்பைல், சோதனை, கமிட் (கிட்டில் பதிவு).

முதல் தவணையில் விருப்பத்தைச் சேர்ப்பது. 'டி' என்ற எழுத்து காலியாக இருக்கிறது, அதற்கு ஒரு கேஸ், அந்த விருப்பம் தரப்பட்டதா என்று நினைவில் வைக்க ஒரு கொடி மாறி. இங்கே ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. பயனர் எந்த விருப்பமும் தராவிட்டால் வரி, சொல், பைட் மூன்றையும் காட்டு என்று நிரலில் ஒரு நிபந்தனை உண்டு. அது பழைய கொடிகளை மட்டுமே அறியும். உங்கள் கொடியை அந்த நிபந்தனையில் சேர்க்க மறந்தால், '-டி' தந்தபோதும் 'எதுவும் தரவில்லை' என்று எண்ணி மற்ற மூன்றையும் சேர்த்துக் கொட்டும். இருக்கும் நிரலில் புதிய விருப்பம் சேர்க்கும் எல்லாருக்கும் பொதுவான இடறல் இது. புதிய கொடி வந்தால், பழைய கொடிகள் எங்கெங்கே பேசப்படுகின்றன என்று கோப்பு முழுவதும் தேடிப்பார்க்க வேண்டும்.

இரண்டாம் தவணையில் எண்ணுவது. லூப்புக்கு மேலே இரண்டு எண்ணி, உள்ளே இரண்டு நிபந்தனை. குறியெண் எழுத்தின் தொடக்கமா என்று சொல்லும் பகுதியைத் தனி ஃபங்ஷனாக வெளியே எழுதுங்கள். லூப்பின் நடுவே எண்களை வாரி இறைத்தால் ஆறு மாதம் கழித்து 3001 என்றால் என்ன என்று உங்களுக்கே புரியாது. அந்த எண்களுக்குப் பக்கத்தில் 'ஃ முதல் ஹ வரை' என்று தமிழிலேயே கமெண்ட் எழுதலாம், கம்பைலர் கோபித்துக்கொள்ளாது.

மூன்றாம் தவணைதான் அடிக்கு அடி காட்டுவது. வரி முடிவு வந்ததும் இரண்டு எண்ணையும் அச்சிட்டு, எண்ணிகளைச் சுழியாக்க வேண்டும். செய்தபின் ஓட்டிப் பாருங்கள், நான்கடிப் பாடலுக்கு மூன்று விடைதான் வந்தால் பதறாதீர்கள். கடைசி அடிக்குப் பின் என்டர் தட்டாமல் சேமித்திருப்பீர்கள். வரி முடிவுக் குறி இல்லாததால் அந்த அடி அச்சாகவில்லை. லூப் முடிந்த பிறகு, எண்ணியில் மிச்சம் இருந்தால் அதையும் அச்சிடு என்று ஒரு நிபந்தனை வேண்டும். சொல் எண்ணிக்கைக்கும் இதே சிக்கல் உண்டு என்பதால், லூப்புக்கு வெளியே 'சொல் நடுவில் நின்றிருந்தால் ஒன்றைக் கூட்டு' என்று மூல ஆசிரியர்கள் ஏற்கெனவே ஒரு வரி எழுதியிருப்பதைக் காண்பீர்கள். உங்கள் வரியையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள். மற்றவர் நிரலை வாசிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த தருணங்கள் இவைதான். முதலில் அர்த்தமில்லாமல் தெரிந்த ஒரு வரி, நாமே அந்தப் பள்ளத்தில் விழுந்த பிறகு பளிச்சென்று புரியும்.

அடுத்து, பெயர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையிடத்தில், என் வசதிக்கு மாற்றிய டபிள்யூசி-யை அதே பெயரில் என் சொந்த 'பின்' அடைவில் (இயக்கும் நிரல்களை வைக்கும் இடம்) வைத்து, தேடுபாதையில் அதை முன்னால் போட்டிருந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் 'வரி' என்ற சொல்லும் வரும்படி மாற்றியிருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. இரவில் என் கணக்கிலிருந்து ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று கோப்புப் பட்டியலின் வரிகளை டபிள்யூசி-யால் எண்ணி, சுழி இல்லை என்றால் மட்டுமே நகலெடுக்கும். எண் வரவேண்டிய இடத்தில் எண்ணும் சொல்லும் வந்ததால் ஒப்பீடு தோற்றது, ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் வெளியேறியது. பதினொரு நாள் நகலே எடுக்கப்படவில்லை. ஒரு சக ஊழியரின் கோப்பு அழிந்து, பழைய நகலைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது. அவருடைய ஒரு வார உழைப்பு போனது. அதற்கு நான்தான் காரணம் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதனால் மாற்றிய நிரலுக்குப் புதுப்பெயர் வையுங்கள், 'எழுத்தெண்' என்று வைத்தாலும் சரி. கணினியின் 'பின்' அடைவில் உள்ளதை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். டபிள்யூசி போன்ற கருவிகளை மனிதரைவிட ஸ்கிரிப்டுகளே அதிகம் அழைக்கின்றன. அவற்றுக்கு வெளியீட்டின் வடிவம் ஓர் ஒப்பந்தம். உங்கள் '-டி' வெளியீட்டிலும் எண்களை மட்டும் இடைவெளி விட்டு அச்சிடுங்கள். நாளைக்கு அதை வரிகளை வடிகட்டும் 'ஆக்' கமாண்டுக்கு அனுப்பி, 16-ம் 17-ம் அல்லாத அடிகளை மட்டும் பொறுக்கி எடுக்கத் தோன்றும், அப்போது வசதியாக இருக்கும்.

சோதனைக்குச் சில உள்ளீடுகளைக் கோப்பாகவே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கோப்பு. 'ஃ' மட்டும். 'தமிழ்'. இரண்டு வகை 'கொ'. பழைய விண்டோஸ் கணினியில் சேமித்த கோப்பு ஒன்று. டெர்மினலில் தமிழ் தெரிவதைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். பல டெர்மினல்கள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிக் காட்டும், எழுத்தை விழுங்கவும் செய்யும். கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்று அறிய 'ஓடி' என்ற கமாண்டால் பைட்டுகளைப் பாருங்கள்.

சில இடங்களில் முடிவு உங்களுடையது. 'க்ஷ' என்பதை இந்த விதி இரண்டாக எண்ணும், க் ஒன்று, ஷ ஒன்று. ஒற்று நீக்கினால் ஒன்றாகிவிடுவதால் யாப்புக்கு இடைஞ்சல் இல்லை. 'ஸ்ரீ'யும் அப்படியே. 'ஔ' என்று அடிக்காமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து 'ஒள' என்று எழுதுபவர்கள் ஏராளம். திரையில் வித்தியாசம் தெரியாது, நிரல் இரண்டாகவே எண்ணும், அது சரியும்கூட. அங்கே திருத்த வேண்டியது உங்கள் கோப்பை. குற்றியலிகரம் அலகு பெறாத இடங்களை நிரலில் கொண்டுவர முயலவேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் புணர்ச்சி தெரிய வேண்டும், நூறு வரி நிரல் அதைத் தாங்காது. நிரல் எண்ணிச் சொல்லட்டும், அந்த அடியை நீங்கள் வாய்விட்டுப் படித்துத் தீர்மானியுங்கள்.

மாற்றம் வேலை செய்யத் தொடங்கியதும், மூலத்துக்கும் உங்களுடையதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பேட்ச் கோப்பாக எடுத்து வையுங்கள். எஸ்பேஸ் புதுப்பிக்கப்படும்போது உங்கள் கிளையை அதன்மேல் மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். பழைய வரிகளை எவ்வளவு குறைவாகத் தொட்டிருக்கிறீர்களோ அவ்வளவு சுலபமாகப் பொருந்தும். அடைப்புக்குறி பாணி பிடிக்கவில்லை, மாறியின் பெயர் பிடிக்கவில்லை என்று வழியில் எதையும் திருத்தாதீர்கள். அந்த ஆசை எல்லாருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கூடவே வரும் மேன் பக்கத்தில் (கமாண்டின் கையேடு) '-டி' பற்றி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள், இரண்டு வருடம் கழித்து நீங்களே தேடுவீர்கள்.

கடைசியாக, எல்லாம் சரியா என்று பார்க்க ஒரே ஓர் அடி தருகிறேன். அபிராமி அந்தாதி கட்டளைக் கலித்துறையில் அமைந்தது. அதன் முதல் பாடலின் முதல் அடியைக் கோப்பில் அடித்துக்கொள்ளுங்கள்:

உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்

கையால் எண்ணினால் மொத்தம் 26 எழுத்து, அதில் ஒற்று 9, நீக்கினால் 17. நிரையசையில் தொடங்கும் அடி, பொருந்துகிறது. உங்கள் நிரலும் 26, 17 என்று சொன்னால் வேலை முடிந்தது. 136 அல்லது 137 வந்தால் பைட்டை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். 48 அல்லது 49 வந்தால் குறியெண் எண்ணிக்கை வந்திருக்கிறது, '-டி'யின் கேஸ் பழைய '-எம்' கொடியையே தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டு எண்ணும் 26 ஆக இருந்தால் புள்ளியின் நிபந்தனை தப்பியிருக்கிறது, 3021-ஐச் சரிபாருங்கள். அடுத்தடுத்த அடிகளுக்கு 26, 50 என்று ஏறிக்கொண்டே போனால் வரி முடிவில் எண்ணியைச் சுழியாக்க மறந்திருக்கிறீர்கள். இரண்டும் 0 என்று வந்தால் நிரலில் குற்றமில்லை, அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதற்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.